நடுச்சென்னையில் ஓட்டல்கள் போய்க் கோபுரங்கள் வருகின்றன: தரைத்தளத்தில் ஊருக்கு என்ன மிச்சம்?

#1 மயிலைவாசி

டி.டி.கே. சாலையில் இருந்த அடையார் கேட் ஓட்டல் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. கடைசியில் கிரவுன் பிளாசா என்று பெயர்ப்பலகை இருந்தாலும் ஆட்டோக்காரர்களுக்கு அது எப்போதும் பார்க் ஷெராட்டன்தான். அந்த இடத்தில் இப்போது சொகுசு அடுக்ககம் வருகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் ஓட்டலுக்கும் இதற்கு முன்பே இதே கதிதான், இடித்து வீடுகள் கட்டினார்கள். கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ் இன் 2008-இல் மூடியபோது மட்டும், அரசு நிலம் என்பதால், 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம்.

உயரமான கட்டடம் வரக்கூடாது என்று சொல்ல வரவில்லை. வரட்டும், நடுவூரில்தான் வரவேண்டும். ஒரு ஓட்டல் என்றால் தெருவைப் பார்த்து ஒரு கதவு திறந்திருக்கும். கல்யாண வரவேற்பு, பெண் பார்க்கப் போகிறவர்கள், ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வியாபாரம் பேசுகிறவர்கள், வெளியூரிலிருந்து ஆபரேஷனுக்கு வந்தவரின் குடும்பம் என்று சம்பந்தமில்லாத ஆட்கள் வந்து போவார்கள். அதே இடத்தில் அடுக்ககம் வந்தால் தெருவுக்குக் கிடைப்பது நீண்ட மதில், கார் இறங்கும் சரிவு, செக்யூரிட்டி கூண்டு, அவ்வளவுதான். மேலே எத்தனை மாடி என்று எல்லோரும் எண்ணுகிறோம், கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்குப் பிறகு கணக்கே மாறிவிட்டது. பத்து கிரவுண்டு மனை, அதாவது 24,000 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2, ஆக 48,000 சதுர அடி கட்டலாம். 18 மீட்டர் அகலச் சாலையில் உயரக் கட்டடம் என்றால் 3.25, அதாவது 78,000. அதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் 50 சதவீதத்தையும் சேர்த்தால் 1,17,000. ஆழ்வார்பேட்டை விலையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எந்த ஓட்டல் முதலாளிக்கும் அறை வாடகை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க மனசு வராது. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கூடுதல் சதுர அடியைக் கொடுக்கும்போது அந்தத் தெருவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

#2 தளம்14

சார், பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி இல்லை. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமானது அதுதான். ஊரிலிருந்து வந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்படித் தொடங்கிய ஊர் அதற்கப்புறம் பல வருடம் மேலே போகவே பயந்து, பக்கவாட்டில் பரவிக்கொண்டே போய்விட்டது. அதற்கு விலை கொடுத்தது பள்ளிக்கரணையும் வேளச்சேரியும். சதுப்பு நிலத்தில் கொட்டி மேடாக்கி வீடு கட்டினோம், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அதே இடங்களில் படகு விட்டோம். மிச்சமிருக்கும் பள்ளிக்கரணைக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்திருக்கிறது, அதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் ஜனங்கள் நடுவூரில் அடுக்கடுக்காக இருந்தே ஆகவேண்டும்.

அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, டி.எம்.எஸ்., தேனாம்பேட்டை, நந்தனம் என்று வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. அத்தனை கோடி செலவு செய்து ரயில் விட்டுவிட்டு, நிலைய வாசலில் இரண்டு மாடிக் கட்டடம் பூட்டிக் கிடந்தால் அதுதான் வீண். கூடுவாஞ்சேரியில் வீடு, நுங்கம்பாக்கத்தில் வேலை என்று தினமும் வாழ்க்கையில் மூன்று மணி நேரத்தை ரயிலில் விடுகிறவர்களைக் கேளுங்கள்.

#3 கண்ணாடிக்கோபுரம்

மும்பை மாதிரி அறுபது எழுபது மாடி இங்கே ஏன் வருவதில்லை? பணமா, பயமா?

#4 தளம்14

விமான நிலையம் ஊருக்குள்ளேயே மீனம்பாக்கத்தில் இருப்பது ஒரு முக்கியக் காரணம். விமான நிலைய ஆணையம் வண்ணம் பிரித்து ஒரு வரைபடம் வைத்திருக்கிறது, எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம் போகலாம் என்று அதில் இருக்கும். விமானம் இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருக்கிற மனைக்காரர் என்ன பணம் கட்டினாலும் அதற்கு மேல் போக முடியாது. தள்ளியிருக்கும் பெரம்பூரிலும் ஓ.எம்.ஆரிலும் நாற்பது மாடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

#5 மேன்சன்வாசி

மயிலைவாசி சார், நீங்கள் சொன்ன அந்தத் திறந்த கதவு வழியாக நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. நட்சத்திர ஓட்டலில் ஒரு காபியின் விலையில் நாங்கள் இரண்டு நாள் சாப்பிடுவோம். வாசலில் நிற்கிறவர் நம் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்.

வேலை தேடிச் சென்னைக்கு வருகிறவனுக்கு நடுவூரில் கதவு திறந்து வைத்தது திருவல்லிக்கேணி மேன்சன்கள்தான். எட்டுக்குப் பத்து அறை, இரண்டு கட்டில், தாழ்வாரக் கடைசியில் பொதுக் குளியலறை, கீழே மெஸ். கிளம்பினால் கால்நடையாக அண்ணா சாலை, மெரினா, சேப்பாக்கம் எல்லாம் போய்விடலாம். இப்போது அந்த மனைகளுக்கும் விலை ஏறிவிட்டது. எங்கள் தெருவிலேயே ஒரு மேன்சனைக் காலி செய்துவிட்டார்கள், இருந்தவர்கள் மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் போய்விட்டார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டல் மூடினால் செய்தியாகிறது, மேன்சன் மூடினால் அடுத்த தெருவுக்கே தெரியாது.

#6 மயிலைவாசி

நியாயமான அடி. நான் எல்லா ஓட்டலையும் ஒரே வரியில் சேர்த்திருக்கக் கூடாது என்று சொல்வீர்கள், ஆனால் நான் நினைத்தது தாசப்பிரகாஷ், டிரைவ் இன் மாதிரி இடங்களை முதலில், நட்சத்திர ஓட்டல்களை அப்புறம். டிரைவ் இன்னில் ஒரு பிளேட் சாம்பார் இட்லிக்கு அரைநாள் மரத்தடியில் உட்காரலாம், கல்லூரிப் பிள்ளைகளும் சினிமாவில் வாய்ப்புத் தேடுகிறவர்களும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பார்கள்.

மேன்சன் விஷயத்தை நீங்கள் சொன்னதும்தான் இந்த இழை முழுமையாகிறது. இடித்துக் கட்டும்போது கூடுதல் எஃப்.எஸ்.ஐ. கேட்டால், அதில் ஒரு பங்கு மாத வாடகைக்குச் சின்ன அறைகளாக இருக்கவேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு தோழி விடுதிகளை நடத்துகிறதே, அதற்கு வரவேற்பு இருக்கிறது. அதே தேவை ஆண்களுக்கும் இருக்கிறது, நடுவூரிலும் இருக்கிறது.

#7 கோபாலபுரத்தாள்

கீழ்த்தளம் பற்றிப் பேசுகிறீர்கள், அதற்கும் கீழே நடப்பதை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் இரண்டு பேஸ்மென்டுக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் பம்ப் ஓடுகிறது. பச்சை நிற ஓஸ் ஒன்று மதில் மேல் ஏறி இறங்கி மழைநீர் வடிகால் மூடிக்குள் போகிறது, கை வைத்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி தண்ணீர், மண்வாசனை கூட இல்லை. சித்திரை வெயிலில், எங்கள் போர்வெல்லில் காற்று வருகிற நேரத்தில், வடிகாலில் சலசலவென்று நல்ல தண்ணீர் கூவத்துக்குப் போகிறது. அதே தெருவில் காலையில் எங்களுக்குத் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே ஜன்னலிலிருந்து பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பூஜை அறைச் சுவரில் மூலையிலிருந்து குறுக்காக ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. கேட்டால் "பழைய வீடும்மா, அது முன்னாலேயே இருந்திருக்கும்" என்கிறார் சைட் இன்ஜினியர். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. யாராவது விஷயம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அடுத்து என்ன செய்யவேண்டும்?

#8 மண்ணும்பைலும்

அக்கா, நான் அஸ்திவார வேலையில் இருக்கிறவன், வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் விரிசலைக் குறுக்கே அளந்து, தேதி போட்டு, ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். அப்புறம் ஒரு சின்ன மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டுங்கள், அதன் பக்கத்தில் தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்த கண்ணாடியைக் காட்டிப் பேசினால் "முன்னாலேயே இருந்தது" என்ற பேச்சுக்கு இடமில்லை. இதை வாசிக்கிற மற்றவர்கள், பக்கத்து மனையில் பைல், அதாவது ஆழமான அஸ்திவாரத் தூண், இறக்கும் இயந்திரம் வந்து இறங்குவதற்கு முன்பே வீட்டின் எல்லாச் சுவரையும் வீடியோ எடுத்து வைத்துவிடுங்கள். மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது வழியில் இருந்த கட்டடங்களை முன்கூட்டியே ஆய்வு செய்து பதிவு செய்தார்கள், தனியார் பள்ளத்துக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

பம்ப் விஷயம். சென்னை மண் ஒரே மாதிரி கிடையாது. கிண்டி, பரங்கிமலைப் பக்கம் சீக்கிரமே பாறை தட்டும். கூவம் ஓரத்திலும் கடற்கரைப் பக்கத்திலும் மணலும் களியும் மாறி மாறி வரும், தண்ணீர் மேலேயே நிற்கும். அப்படிப்பட்ட மண்ணில் சுற்றிலும் தடுப்புச்சுவர் போடாமல் வெறும் பள்ளம் தோண்டி இறைத்தால், பக்கத்து வீட்டுக்கு அடியில் இருக்கிற தண்ணீரும் சேர்ந்து வரும், அதோடு நைசான மணலும் வரும். களி தண்ணீரை இழந்தால் சுருங்கும். உங்கள் சுவர் மூலை குறுக்காக விரிந்திருக்கிறது என்றால் அந்த மூலை கொஞ்சம் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். டயாஃப்ரம் சுவரோ நெருக்கமான பைல் வரிசையோ போட்டுவிட்டுத் தோண்டினால் இது பெரிய அளவு குறையும். செலவு கூடும், அதனால்தான் தவிர்க்கப் பார்க்கிறார்கள். இறைக்கிற தண்ணீரை வடிகாலில் விடாமல் எல்லையோரம் மீள்செறிவுக் கிணறு போட்டுத் திரும்ப மண்ணுக்குள்ளேயே விடலாம், இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. 2003-இல் ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டவைத்த ஊர் இது. இதையும் கட்டவைக்க முடியும்.

உயரம் ஆபத்து என்று சிலர் நினைக்கிறார்கள். மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-இல் விழுந்தது 11 மாடிதான், 61 பேர் செத்தார்கள். கூடவே கட்டி நிறுத்தியிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். போரூர் ஏரி ஓரத்து மண்ணும், வரைபடத்துக்கும் கட்டியதற்கும் இடையில் யாரும் நின்று பார்க்காததும்தான் அங்கே ஆளைக் கொன்றது. ஒழுங்காக மண் சோதனை செய்து, ஒழுங்காகப் பார்வையிட்டால் நாற்பது மாடியும் நிற்கும்.

#9 கோபாலபுரத்தாள்

ரொம்ப நன்றி தம்பி. கண்ணாடி ஒட்டச் சொல்லிவிட்டேன், கொத்தனார் நாளைக்கு வருகிறார். மெட்ரோவாவது பதிவு செய்தது என்கிறீர்கள், 2017 ஏப்ரலில் ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் சாலை உள்வாங்கி மாநகரப் பேருந்து சாய்ந்ததை நேரில் பார்த்ததிலிருந்தே பூமிக்கு அடியில் வேலை என்றால் எனக்குப் பயம்தான்.

#10 முன்மேசை

நான் நடுவூரில் ஒரு மூன்று நட்சத்திர ஓட்டலில் ஃப்ரன்ட் ஆபீஸில் இருக்கிறேன். ஓட்டல் தரப்பையும் யாராவது சொல்லவேண்டும்.

அடுக்ககம் கட்டுகிறவருக்குத் தூண் எழும்பும்போதே முன்பதிவுப் பணம் வந்துவிடும். ஓட்டல் கட்டுகிறவருக்கு முதல் ரூபாய் வருவது கடைசி அறையில் விளக்கு எரிந்த பிறகுதான், போட்டதை எடுக்கப் பல வருடம் ஆகும். தேனாம்பேட்டையில் அண்ணா சாலை மேலேயே ஒரு ஓட்டல் கட்டடம் எத்தனை வருடம் எலும்புக்கூடாக நின்றது என்று வயதானவர்களுக்குத் தெரியும், கைமாறி, கடைசியில் 2011-இல்தான் ஹயாத் ரீஜென்சியாகத் திறந்தது. அடுத்த வருடம் கிண்டியில் 600 அறையோடு ஐ.டி.சி. கிராண்ட் சோழா. அதற்கடுத்து எம்.ஆர்.சி. நகரில் லீலா. பெரிய கூட்டம், பெரிய கல்யாணம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. நடுத்தர ஓட்டல்கள்தான் நசுங்கின.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து தெற்கேயிருந்து பேருந்தில் வருகிறவர் அங்கேயே இறங்குகிறார். முன்பு விடிகாலையில் கோயம்பேட்டில் இறங்கி, அரும்பாக்கத்திலோ எழும்பூரிலோ அறை எடுத்துக் குளித்துவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போவார்கள், அந்த ஆறு மணி நேரக் கூட்டமே சின்ன லாட்ஜ்களுக்குச் சோறு போட்டது. அது குறைந்துவிட்டது. இன்னும் தெம்பாக நிற்பது பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கும் கிரீம்ஸ் சாலை, ஆயிரம் விளக்குப் பக்கம்தான். அங்கே போய்ப் பாருங்கள், சந்துக்குள் வங்காள எழுத்தில் போர்டு, அறைக்குள் ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு பாத்திரம், வாசலில் மீன் விற்பவர். நோயாளியோடு வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். எந்தத் திட்ட அறிக்கையிலும் இதற்குப் பெயர் கிடையாது, ஆனால் அந்த ஆஸ்பத்திரிகள் ஓடுவதே இந்தச் சந்துகளின் தயவில்தான். அந்த மனைகளும் நாளைக்கு கோபுரமாகிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

#11 லாரித்தண்ணீர்

2019 ஜூனை மறந்துவிட்டுப் பேசவேண்டாம். ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டைக் குறைத்தார்கள், ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதற்கப்புறம் 2024-இல் நெம்மேலியில் நாளுக்கு 15 கோடி லிட்டர் இரண்டாவது ஆலை வந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவூரின் கழிவுநீர்க் குழாய்கள் தனி வீடுகள் இருந்த காலத்தில் போட்டவை. நான்கு வீடு இருந்த மனையில் எண்பது வீடு வந்தால் அந்தக் குழாய் என்ன செய்யும்? மழைநாளில் மூடி வழியாக மேலே வருகிறது, அதுதான் செய்கிறது. உள்ளே சுத்திகரிப்பு நிலையம் கட்டினோம் என்று அனுமதி வாங்குகிறார்கள், அது ஓடுகிறதா என்று அடுத்த வருடம் யார் வந்து பார்க்கிறார்கள்?

#12 பெரம்பூர்பக்கம்

நடுவூர், நடுவூர் என்று அண்ணா சாலைக்குத் தெற்கே மட்டும் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் பின்னி மில் நிலத்தில் நாற்பது மாடிக்கு மேல் எழும்பியிருக்கிறது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களால்தான், எங்கள் தாத்தா அந்தச் சங்கு ஊதும் சத்தத்தில் எழுந்தவர். இப்போது அங்கே வீடு வாங்க எங்கள் தெருவில் யாருக்கும் முடியாது. ஆனாலும் நான் அதை வெறுக்கவில்லை. மில் மூடிய பிறகு முள்செடியாகக் கிடந்த இடம், ராத்திரி அந்த மதில் ஓரம் பெண்கள் நடக்கப் பயப்படுவார்கள். இப்போது விளக்கு இருக்கிறது, கடை வருகிறது, பக்கத்தில் சாலையும் கொஞ்சம் கவனிக்கப்படுகிறது. வடசென்னைக்கு நல்ல ஓட்டல் ஒன்று வரட்டும், நாங்களும் வரவேற்பு வைக்க அண்ணாநகருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் ஓடவேண்டாம்.

எங்களுக்குத் தேவை அந்த இடத்தில் ஒரு மூலையிலாவது மில்லின் நினைவாக ஒரு வாசகசாலை, உள்ளூர்ப் பிள்ளைகள் நுழையக்கூடிய ஒரு மைதானம்.

#13 நடைபாதை

கதீட்ரல் சாலையிலோ டி.டி.கே. சாலையிலோ ஒரு வயதானவரைக் கூட்டிக்கொண்டு நூறு மீட்டர் நடந்து பாருங்கள். ஒவ்வொரு வாசலிலும் கார் ஏறுவதற்காக நடைபாதையைச் சரித்து அறுத்திருப்பார்கள். ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, கடைசியில் அம்மா "நான் ரோட்டிலேயே வரேன்" என்று இறங்கிவிடுவார். கார் சரிவு மதிலுக்கு உள்ளே தொடங்கட்டும், நடைபாதை ஒரே மட்டத்தில் ஓடட்டும். பாண்டி பஜாரில் 2019-இல் செய்து காட்டினார்களே, ஜனம் எப்படி நடக்கிறது பாருங்கள். மயிலைவாசி சொன்ன தரைத்தளம் என்பது எனக்கு இதுதான்.

தீயணைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 மே மாதம் தி.நகர் உஸ்மான் சாலையில் ஜவுளிக்கடை எரிந்தபோது சுற்றி வண்டி போக இடமில்லாமல் எவ்வளவு திண்டாடினார்கள். பக்க இடைவெளியில் ஜெனரேட்டர், குப்பைத்தொட்டி, டூவீலர் ஷெட் என்று அடைத்துவிட்டால், காகிதத்தில் இருக்கிற ஏழு மீட்டரால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

#14 மயிலைவாசி

எல்லோருக்கும் நன்றி. இதைப் பேசிக் கலையவேண்டாம். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2026-ஓடு முடிகிறது, 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரிக்கிறது. அடுத்த இருபது வருடத்துக்கு நம் தெரு எப்படி இருக்கும் என்பது அதில்தான் இருக்கிறது. ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறேன்.

கேட்கப்போவது இவ்வளவுதான். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கும் கட்டடம் தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த பக்கத்தில் கடை, சாப்பாட்டு இடம், வாசகசாலை, மருந்தகம் என்று பொதுஜனம் நுழையும் ஏதாவது ஒன்றை வைத்தே ஆகவேண்டும். பெரிய மனைகளில் பத்து சதவீதம் பொதுவெளி ஒதுக்கீடு என்று விதி ஏற்கெனவே இருக்கிறது, 3,000 சதுர மீட்டரிலிருந்து 10,000 வரை இடத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிடலாம் என்ற வழியும் அதிலேயே இருக்கிறது. நடுவூரில் அந்த வழியை அடைக்கவேண்டும், இங்கே பணத்தைக் கொடுத்தாலும் அப்புறம் இடம் கிடைக்காது. வசதி மேம்பாட்டுக்கு என்று கட்டுகிறவர்களிடம் வசூலித்த தொகை எவ்வளவு, எந்தக் குழாய்க்கும் எந்த நடைபாதைக்கும் போனது என்று வார்டு வாரியாக வெளியிடவேண்டும். மேன்சனையோ லாட்ஜையோ இடித்தால் அதே அளவு சின்ன வாடகை அறைகள் அதே கட்டடத்திலோ அரை கிலோமீட்டருக்குள்ளோ வரவேண்டும். பேஸ்மென்ட் தோண்டுவதற்கு முன் பக்கத்து வீடுகளின் ஆய்வும், இறைக்கும் தண்ணீருக்கு மீள்செறிவும் கட்டாயம். கடைசி இரண்டையும் மண்ணும்பைலும் தம்பிதான் சரியான வார்த்தையில் எழுதித் தரவேண்டும்.

#15 தளம்14

எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும், "உயரத்தைக் குறையுங்கள்" என்று ஒரு வரிகூட அதில் வரவேண்டாம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவார்கள்.

#16 மேன்சன்வாசி

வாடகை அறை விஷயத்தில் மாத வாடகைக்கு உச்சவரம்பு என்று சேர்த்துக்கொள்ளுங்கள் சார். இல்லையென்றால் சர்வீஸ் அபார்ட்மென்ட் கட்டிவிட்டு இதுதான் அந்த அறை என்று காட்டுவார்கள்.

#17 மண்ணும்பைலும்

வார்த்தைகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். கோபாலபுரம் அக்கா, சைட் வாசலில் திட்ட அனுமதி எண் போட்ட பலகை இருக்கும், இல்லையென்றால் வைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த எண்ணையும், பம்ப் ஓஸ் வடிகாலுக்குள் போகிற போட்டோவையும் சேர்த்து மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபால் போடுங்கள். மனுவுக்காகக் காத்திருக்க வேண்டாம், உங்கள் சுவர் அதுவரை காத்திருக்காது.